கலங்கிய நாட்களில் வேதத்தைத் திறப்பது எப்படி? புலம்பலிலிருந்து நம்பிக்கைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் யாருக்காவது பெரிய அடி விழுந்தால், அவர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. என் அப்பா பக்கவாதத்தில் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது நானும் இதே படிகளில்தான் நடந்தேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தடுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். நேராக ஆறுதல் வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அது மனதில் ஒட்டாது. ஒட்டவில்லையே, எனக்கு விசுவாசம் இல்லையோ என்ற குற்றவுணர்வும் அதோடு சேர்ந்துகொள்ளும். வேதத்தில் பாட்டுகளாக உள்ள சங்கீதங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே முதலில் அழுகை வரும், பிறகு விண்ணப்பம், அதன்பின்தான் நம்பிக்கை. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அச்சடித்த வேதாகமம் ஒன்று. போனில் வேதம் வாசிப்பது தவறில்லை. ஆனால் போனில் ஒரு வார்த்தையைத் தேடினால் அந்த ஒரு வசனம் மட்டும் தனியாக வந்து நிற்கும். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கண் போகாது. துன்ப நேரத்தில் நமக்கு வேண்டியது அந்த முன்னும் பின்னும்தான்.

பழைய திருப்புதலின் (பழைய மொழிபெயர்ப்பின்) தமிழ் கடினமாக இருந்தால், எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவயதிலிருந்து காதில் விழுந்த வார்த்தைகள் பழைய திருப்புதலில்தான் இருக்கும், அழும்போது அவைதான் கைகொடுக்கும். பொருள் புரிய எளிய தமிழ் உதவும். கத்தோலிக்க அன்பர்களுக்குத் திருவிவிலியத்தில் சங்கீதங்கள் ‘திருப்பாடல்கள்’ என்ற பெயரில் இருக்கும்.

ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். நாளுக்கு 20 நிமிடம் போதும். கலங்கிய மனம் அதற்கு மேல் தாங்காது, இரண்டு மணி நேரம் உட்காருவேன் என்று தீர்மானித்தவர்கள் மூன்றாம் நாளே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஒரு வார்த்தையைப் பற்றி. பேச்சுத் தமிழில் ‘நம்பிக்கை’ என்றால் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். வேதத்தில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. 1 கொரிந்தியர் 13:13 ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று தனித்தனியாக எண்ணுகிறது. இன்னும் வராத ஒன்றுக்காகக் காத்திருப்பதுதான் அங்கே நம்பிக்கை. பழைய ஏற்பாட்டில் நம்பிக்கையைக் குறிக்கும் ‘திக்வா’ என்ற எபிரெயச் சொல்லுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. எரிகோவில் வேவுகாரரை ஒளித்து வைத்த ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்புநூல் கயிற்றுக்கு யோசுவா 2-ல் அதே சொல்தான் வருகிறது. பிடித்துக்கொண்டு காத்திருப்பது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் சாப்பாடும் தூக்கமும்

இதைப் படித்துச் சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் இது வேதத்திலேயே உள்ள வரிசை. 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்கிப்போகிறான். தேவதூதன் அவனைத் தட்டி எழுப்பி உபதேசம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன; எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டதெல்லாம் அதற்கு 40 நாள் கழித்து.

ஆகவே மூன்று நாள் தூங்காதவர், சாப்பிடாதவர் வேதத்தைத் திறக்குமுன் சாப்பிட்டுத் தூங்கட்டும். அந்த நிலையில் எதை வாசித்தாலும் தனக்கு எதிரான தீர்ப்பாகத்தான் படும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தால் இந்த வழிகாட்டியைத் தொடர வேண்டாம். இப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மனஸ் 14416, இலங்கையில் 1926 ஆகிய மனநல உதவி எண்களில் பேசலாம். அப்படிப் பேசுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியாவுக்கு அடை சுட்டுத் தந்தது யார் என்று கேளுங்கள்.

3. கஷ்டத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம். ‘எனக்குக் கஷ்டம்’ என்று எழுதினால் போதாது. எது வலிக்கிறது என்று எழுத வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் கடன் பிரச்சினை என்று வந்தார். பணத் தேவைக்கான வசனங்களை வாரக்கணக்கில் வாசித்தும் ஒன்றும் ஆகவில்லை. எழுதச் சொன்னபோது அவர் எழுதிய வாக்கியம்: ‘என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் என் கையெழுத்தை வைத்து என்னை ஏமாற்றிவிட்டான்.’ அவருக்கு வேண்டியிருந்தது சங்கீதம் 55. என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகித்திருப்பேன் என்று அங்கே தாவீது சொல்கிறான், செய்தவன் தோழன். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக அழுதார்.

வலியின் பெயர் தவறாக இருந்தால் எடுக்கும் பகுதியும் தவறாகத்தான் அமையும். இந்தப் படிக்கு அதனால்தான் இவ்வளவு அழுத்தம் தருகிறேன்.

4. உங்கள் வலிக்கு ஏற்ற சங்கீதத்தை எடுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் படும் வசனத்தை எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆறுதல் வரிக்குப் பதிலாக ஒரு சாப வரியில் விரல் பட்டு, வாரக்கணக்கில் பயந்துபோய் இருந்தவரை எனக்குத் தெரியும். அது வேண்டாம், தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

உடல்நோய்க்குச் சங்கீதம் 6 அல்லது 38. முதுமையும் தனிமையும் என்றால் 71. அநியாயம் செய்தவன் செழிப்பாக இருக்கிறான் என்ற கொதிப்புக்கு 73. செய்த தவறு நெஞ்சை அறுத்தால் 51, 130. சபைக்குப் போகவே மனமில்லை, உள்ளே எல்லாம் வறண்டுவிட்டது என்றால் 42, 43 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ என்ற பல்லவி அவற்றில் மூன்று முறை வருகிறது. ஊருக்கே, ஜனத்துக்கே வந்த அழிவு என்றால் 74 அல்லது 79. எதை எடுப்பதென்று தெரியாவிட்டால் 13. ஆறே வசனம்தான்.

ஒரு வாரத்துக்கு ஒரே சங்கீதம். நாளுக்கு ஒன்று மாற்றினால் எதுவும் உள்ளே இறங்காது.

5. சத்தமாக வாசித்து, திரும்புமிடத்தைக் கண்டுபிடியுங்கள்

வாய்விட்டு வாசியுங்கள். இவை பாட்டுகள், மனதுக்குள் வாசித்தால் கண் ஓடிவிடும், வாய்விட்டு வாசித்தால் நாக்கு மெதுவாக்கும். சங்கீதம் 13-ஐ வைத்துச் செய்து காட்டுகிறேன்.

முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?’ இதைச் சொல்கிறவன் தேவனைப் பற்றி யாரிடமோ முறையிடவில்லை, தேவனிடமே முறையிடுகிறான். புலம்பலுக்கும் முறுமுறுப்புக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். ஒவ்வொரு ‘எதுவரைக்கும்’ வந்ததும் நிறுத்தி, நீங்கள் எழுதிய வாக்கியத்தை அதன்பின் சொல்லிப் பாருங்கள்.

3, 4 வசனங்கள் விண்ணப்பம். ‘எனக்குச் செவிகொடுத்தருளும்’, ‘என் கண்களைத் தெளிவாக்கும்’ என்று குறிப்பாகக் கேட்கிறான். ‘உம் சித்தம்போல் ஆகட்டும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனேயில் இயேசுவும் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, நீங்க வேண்டும் என்று கேட்ட பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு விட்டுக்கொடுத்தார்.

ஐந்தாம் வசனத்தில் பாட்டு திரும்புகிறது. ‘நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.’ இதை எல்லாரும் கவனிக்க வேண்டும்: நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் நிலைமை மாறியதாக எங்கும் இல்லை. சத்துரு அப்படியே இருக்கிறான். தேவனுடைய கிருபையை நினைத்துத் தாவீதுதான் திரும்புகிறான். அந்தத் திரும்புமிடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மற்ற சங்கீதங்களிலும் அதைத் தேடுங்கள்.

முதல் நாட்களில் உங்களால் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் போகலாம். அப்படியானால் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதி நாளைக்கு. வராத நம்பிக்கையை வாயால் மட்டும் சொல்லிப் பழகினால், பிறகு அந்த வசனமே உங்களுக்குச் செத்த எழுத்தாகிவிடும்.

6. உங்கள் சொந்தப் புலம்பலை எழுதுங்கள்

ஒரு வாரம் வாசித்த பிறகு நீங்களே ஒன்று எழுதுங்கள். கூப்பிடுதல், முறையீடு, விண்ணப்பம், நினைவுகூருதல் என்று நான்கு பகுதி. பகுதிக்கு மூன்று வரி போதும். அடுத்தவர் சொற்களை எவ்வளவு வாசித்தாலும், நம் சொற்களில் சொல்லும்வரை பாரம் இறங்குவதில்லை.

எழுத வராதவர்களுக்கு நான் சொல்லித்தரும் வழி புலம்பல் புத்தகத்திலிருந்து வந்தது. எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்த துக்கத்தில் பிறந்த அந்தப் புத்தகத்தின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாக வைத்து எழுதப்பட்டவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. தாங்க முடியாத துக்கத்துக்கு ஒரு கரை கட்டித் தருகிறது அந்த எழுத்து வரிசை. நீங்கள் அ, ஆ, இ என்று நம் உயிரெழுத்து 12-ஐயும் வைத்து 12 வரி எழுதலாம். பள்ளிக்கூடப் படிப்பு குறைவான அக்கா ஒருவர் இப்படித்தான் எழுதினார். அவருடைய முதல் வரி: ‘அப்பா, என் பிள்ளை எங்கே?’

பிழையாக எழுதிவிடுவோமோ, தேவன் கோபிப்பாரோ என்ற பயம் வரும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு பேசியதைவிடக் கடுமையாக நீங்கள் எழுதிவிடப் போவதில்லை. யோபு புத்தகத்தின் கடைசியில் கர்த்தர், யோபுவைப் போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபித்தது அவன் நண்பர்கள்மேல்தான்.

7. இப்போது வாக்குத்தத்தம்: யார் சொன்னது, யாருக்கு, எப்போது?

இந்தப் படிக்கு வந்த பிறகுதான் ஆறுதல் வசனங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் மூன்று கேள்வி: யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது? வசனத்துக்கு முன் பத்து, பின் பத்து வசனம் வாசித்தாலே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

முதல் கேள்வி ஏன் முக்கியம்? ‘உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.’ காலண்டரிலும் கடைத் திறப்பு விழா அழைப்பிதழிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். யோபு 8:7. சொன்னவன் யோபுவின் நண்பன் பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனைப் பார்த்து, அதே பேச்சின் தொடக்கத்தில், உன் பிள்ளைகளின் பாவம்தான் அவர்களை வாரிக்கொண்டது என்கிற தோரணையில் பேசியவன். கர்த்தர் கடிந்துகொண்ட மூன்று பேரில் ஒருவன். யோபுவின் முடிவு சிறப்பாக அமைந்தது உண்மைதான். ஆனாலும் பிள்ளையை இழந்த தாயிடம் இந்த வசன அட்டையைக் கொடுக்குமுன் அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள்.

அடுத்து எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் வரி. அதற்கு முந்தைய வசனத்தில் 70 வருடம் என்று இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தான்; அது பொய்யென்று எரேமியா சொன்னான். அப்படியானால் அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேவன் சொன்னது, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பது.

இது தெரிந்ததும் வசனம் பலவீனமாகிவிட்டது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் ஆனது. அப்பா எழுந்து நடப்பார் என்று இந்த வசனத்தை வைத்து மாதக்கணக்கில் நாள் குறித்துக்கொண்டிருந்தேன். கடிதம் முழுவதையும் வாசித்த அன்று நாள் குறிப்பதை விட்டுவிட்டு, அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் இரண்டு செடி வைத்தேன். காத்திருக்கும் காலத்திலும் வாழச் சொல்லும் தேவனை அங்கேதான் கண்டேன்.

பிலிப்பியர் 4:13-ஐயும் இப்படிப் பாருங்கள். ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்று எழுதிய பவுல் அப்போது சிறைக் கட்டுகளில் இருந்தான். முந்தைய வசனத்தில் அவன் கற்றுக்கொண்டதாகச் சொல்வது பட்டினியாயிருக்கவும், குறைவுபடவும். ரோமர் 8:28-ல் உள்ள ‘நன்மை’ எது என்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. போன வேலை திரும்பி வரும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை.

இந்தச் சோதனையில் நின்ற வசனங்களை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். இருட்டில் ஐம்பதைத் தேட முடியாது.

8. எல்லாவற்றையும் உயிர்த்தெழுதலில் கட்டுங்கள்

நோய் தீரலாம், தீராமலும் போகலாம். கிறிஸ்தவ நம்பிக்கை தொங்கிக்கொண்டிருக்கும் ஆணி வேறு இடத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. 1 கொரிந்தியர் 15-ஐ ஒரே இருப்பில் வாசியுங்கள். 19-ஆம் வசனத்தில் பவுல் ஒளிக்காமல் சொல்கிறான்: இம்மைக்காக மாத்திரம் கிறிஸ்துவின்மேல் நம்பிக்கை வைத்திருந்தால் எல்லா மனுஷரிலும் நாம்தான் பரிதாபமானவர்கள். அடுத்த வசனம் ‘கிறிஸ்துவோ மரித்தோரிலிருந்தெழுந்து’ என்று தொடங்குகிறது.

இந்தப் படி ஏன் இவ்வளவு பின்னால் வருகிறது? சிலுவையைத் தாண்டாமல் உயிர்த்தெழுதலுக்கு வர முடியாது. சிலுவையில் இயேசு சொன்ன ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?’ என்பது சங்கீதம் 22-ன் முதல் வரி. நீங்கள் முதல் வாரத்தில் வாசித்த அதே வகைப் பாட்டை அவரும் சொல்லியிருக்கிறார். இதைக் கண்டபின் 13-ஆம் சங்கீதத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். ‘எதுவரைக்கும்’ என்று கேட்பவன் இனி தனி ஆள் அல்ல.

9. ஒன்றும் ஒட்டாத நாட்களுக்கு

அப்படிப்பட்ட நாட்கள் வரும், வராமல் இருக்காது. அன்றைக்குச் சங்கீதம் 88. அதில் திரும்புமிடமே கிடையாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. ஆனாலும் இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்றுதான் அதைத் தொடங்குகிறான். இப்படி ஒரு பாட்டும் வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே எனக்குப் பல இரவுகளில் போதுமானதாக இருந்தது.

அதற்கும் பலமில்லையென்றால் ரோமர் 8:26. என்ன வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். நோட்டில் தேதியை மட்டும் எழுதிவிட்டுப் படுங்கள். தேதி எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்துப் புரட்டும்போது எங்கிருந்து எங்கே வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். புலம்பல் 3:18-ல் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று சொன்னவன் 21-ல் நம்பிக்கைகொண்டிருப்பேன் என்கிறான். மூன்றே வசனம் தள்ளித்தான். நமக்கு அது மூன்று மாதமாக இருக்கலாம்.

10. ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்

எழுதியதை ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். போதகராக இருக்கலாம், சபையில் ஒரு சித்தியாக இருக்கலாம். உடனே பதில் சொல்லத் துடிக்காதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது. பேசத் தொடங்கியபின்தான் எல்லாம் கெட்டது.

நீங்கள் அடுத்தவரோடு உட்காரும் நாளும் வரும். அதற்கு யோவான் 11-ஐ வாசித்து வையுங்கள். ‘ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்’ என்று மார்த்தாள் சொல்கிறாள், கொஞ்ச நேரத்தில் மரியாளும் அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். மார்த்தாளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாள் அழுததைக் கண்டபோது அவர் உபதேசம் எதுவும் சொல்லவில்லை, கல்லறை எங்கே என்று கேட்டார், கண்ணீர் விட்டார். அவர்களுடைய சகோதரன் லாசருவை எழுப்பப் போவது தெரிந்தும் அழுதார்.

எதிரில் இருப்பவர் இன்றைக்கு மார்த்தாளா மரியாளா என்று முதலில் பாருங்கள். தெரியவில்லையென்றால் மரியாள் என்றே வைத்துக்கொண்டு, வேதத்தை மடியில் மூடி வைத்திருங்கள். அவர்களே ‘ஏதாவது வாசியுங்கள்’ என்று கேட்கும்போது 13-ஆம் சங்கீதத்தைத் திறங்கள்.